மண்மூட்டைக்குக் குத்தாதேங்கோ

போன செமஸ்டர் பரீட்சையில் மூன்று மணித்தியாலப் பேப்பர் ஒன்றை ஒன்றேகால் மணித்தியாலத்தில் விட்டுவிட்டு எழும்பி வந்தேன். படிக்காமல் போய் இருந்ததாலை இல்லை. வலது மணிக்கட்டு வீங்கி, பேனையைப் பிடிக்க ஏலாமல் போனது. கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்களுக்குத் தெரியும், எங்கட பரீட்சை எண்டா கைதான். மூளையில் எவ்வளவு இருந்தாலும் கை ஓடாட்டி ஒன்றுமில்லை.

"கைக்கு என்ன நடந்தது?" எண்டு மேற்பார்வைக்கு நின்ற மிஸ் கேட்டா.

"பஞ்சிங் பாக்குக்குக் குத்தினனான் மிஸ்."

அவ என்னை ஒருக்கா மேலையும் கீழையும் பார்த்துவிட்டு, "உமக்கேன் பிள்ளை இந்த வேலை?" எண்டா. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்ப இருக்குது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குத்துறதிலை பிழையில்லை மிஸ், நான் குத்தினது மண்மூட்டைக்கு. பிழை அங்கைதான்.

பள்ளிக்கூடத்தில் மண்ணிறப் பட்டி வரைக்கும் கராத்தே செய்தவள் நான். ஏஎல் வந்ததும் எல்லாரையும்போல விட்டாச்சு. கம்பஸுக்கு வந்து இரண்டாம் வருடம், எங்கட ஊர் வாசிகசாலைக்குப் பின்வளவில் பின்னேரங்களில் பழக்குகிறார்கள் எண்டு கேள்விப்பட்டு மறுபடி போகத் தொடங்கினேன். இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். ஆறாம் ஆண்டுப் பொடியன் தொடக்கம் வேலைக்குப் போகிற அண்ணாமார் வரைக்கும். எல்லாருக்கும் ஒரே ஒரு பாக். இரண்டு உரப்பையை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, கடற்கரை மணலை நிரப்பி, நைலோன் கயிற்றாலை வேப்பமரத்தில் கட்டியிருந்தது.

முதல் நாள் முட்டியில் தோல் போனது. மூன்றாம் கிழமை மணிக்கட்டு. வலிக்குது மாஸ்டர் எண்டு சொன்னேன். "வலிச்சாத்தான் தங்கச்சி பயிற்சி. வலிக்கேல்லையெண்டா அது டான்ஸ்" எண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் இன்னும் இருபது குத்துக் குத்தினேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

மாஸ்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மனுசன் பழக்குவதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. அவருக்குப் பழக்கினவரும் மண்மூட்டைதான் கட்டினவராம். மணல் சும்மா கிடைக்குது, உரப்பை சும்மா கிடைக்குது. காசில்லாத இடத்தில் கிடைக்கிறதை வைத்துத்தான் பயிற்சி நடக்கும். அது எனக்கு விளங்குது. ஆனால் 'கல்லுமாதிரி இருந்தாத்தான் கை கல்லாகும்' எண்ட கதை காசில்லாததாலை வந்த கதை இல்லை. அது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் பெயரைப் பார்ப்போம். குத்துச்சண்டை ஜிம்களில் தொங்குகிற பெரிய பாக்குகளை ஊரில் எல்லாரும் மண்மூட்டை எண்டுதான் சொல்லுகிறோம். ஆனால் கடையில் நிரப்பி விற்கிற பாக்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது துணி. தையல் ஆலைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகள். பாரம் காணாவிட்டால் நடுவில் கொஞ்சம் மணல் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பெயர் மட்டும் மண்ணில் நின்றுவிட்டது.

எங்கட ஊரில் மண்மூட்டைக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கட அம்மா அப்பாமாருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பங்கரும் சென்றிப் பொயின்ற்றும்தான் ஞாபகம் வரும். மண்மூட்டையை ஏன் அங்கை அடுக்கினார்கள்? சன்னம் பட்டாலும் அது விட்டுக்கொடுக்காது. வந்த வேகத்தை அந்த இடத்திலேயே நிற்பாட்டும். பங்கருக்கு அது நல்ல குணம். கைக்கு அது கூடாத குணம். நீங்கள் குத்துகிற குத்தை அது நிற்பாட்டினால், நின்றது எங்கை போகும்? உங்கட முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும்தான் திரும்பி வரும். ஓஎல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். ஓடி வருகிற பொருள் எவ்வளவு குறைந்த நேரத்தில் நிற்குதோ அவ்வளவு கூடின விசை. துணி உள்ளே அமுங்கி அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். மணல் தராது.

பாரத்தையும் கணக்குப் பார்ப்போம். 30 சென்ரிமீற்றர் விட்டம், 1 மீற்றர் நீளம் உள்ள பாக் ஒன்றுக்குள் கிட்டத்தட்ட 70 லீற்றர் கொள்ளும். காய்ந்த மணல் ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.6 கிலோ. அப்ப முழுக்க மணல் நிரப்பினால் 110 கிலோவுக்கு மேலே. இரண்டு ஆக்களின் பாரம்! அதே பாக்கைத் துணியால் இறுக்கி நிரப்பினால் 25 இலிருந்து 30 கிலோ வரும். பயிற்சிக்கு எவ்வளவு பாரம் வேணும் எண்டதற்கு ஒரு பழைய கணக்கு இருக்குது: உங்கட நிறையில் அரைவாசி. 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ பாக். பலமாகக் குத்துகிற ஆக்கள் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு ஆள் பாரத்தில் ஒரு பாக் ஒருத்தருக்கும் தேவையில்லை. எங்கட வேப்பமரத்து மூட்டை பாதிக்குத்தான் நிரப்பியிருந்தது. அப்படியிருந்தும் கட்டிய கயிறு கொப்பை அறுத்திருந்தது.

பாரம் மட்டும் பிரச்சினை இல்லை. எனக்குக் கை போய் வீட்டில் இருந்த நாட்களில் விளங்கின ஒரு விசயத்தைச் சொல்ல வேணும். மணல் கீழே இறங்கும். ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி இறுகிக் கீழே போகும். கடல்மணல் எண்டால் உப்பு ஈரத்தை இழுக்கும், மாரி காலத்தில் சீமெந்துபோல ஆகிவிடும். ஒரு மாதம் போனால் மூட்டையின் மேற்பாகம் தொளதொளத்துப் போய், அடிப்பாகம் ஊதிக் கல்லாகி நிற்கும். இப்ப யார் எங்கை குத்துகிறார்கள் எண்டு யோசித்துப் பாருங்கோ. ஆறடி அண்ணா மேலே குத்துகிறார். அவருக்குப் பாக் மெத்தென்று இருக்குது. ஐந்தடி நான் நடுவில் குத்துகிறேன். ஆறாம் ஆண்டுப் பொடியன் அடியில் குத்துகிறான். அவனுக்குக் கிடைப்பது கல்லு. உயரம் குறையக் குறைய, எலும்பு இளசாக இளசாக, குத்துகிற இடம் இறுகிக்கொண்டு போகுது. பிறகு அண்ணா சொல்லுவார், "எனக்கு வலிக்கேல்லையே, உங்களுக்கென்ன?" எண்டு. அவருக்கு வலிக்காது. அவர் குத்துகிற பாக் வேறை. எங்கட பாக் வேறை. தொங்குவது மட்டும் ஒரே மரத்தில்.

இதைக் கராத்தேயைத் தாண்டியும் கன இடத்தில் பார்க்கலாம் எண்டு நினைக்கிறேன். ஆனால் அது வேறை கட்டுரை.

இப்ப மறுபக்கத்தின் வாதம். "ஒகினாவாக்காரர் மகிவாராவுக்குக் குத்தித்தானே கையை இறுக்கினவை?" எண்டு கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைக் காட்டின புனகோஷி கிச்சினும் மகிவாராவில் பழகினவர்தான். ஆனால் மகிவாரா என்ன எண்டு பாருங்கோ. நிலத்தில் நட்ட ஒரு பலகை. அடி தடிப்பு, மேலே போகப் போக மெல்லிசு. குத்துகிற இடத்தில் வைக்கோல் கயிறு சுற்றியிருக்கும். குத்தினால் அது பின்னுக்கு வளைந்து திரும்பி வரும். அதின்ர முழு விசயமே அந்த வளைவுதான். அதையும் முதல் நாளே முழுப்பலத்தோடு குத்தச் சொல்லுவதில்லை. மெதுவாக, குறைவாக, வருடக்கணக்கில். கை இறுகுவது உண்மை. ஆனால் அது ஆறப்போட்டு ஆறப்போட்டு நடக்கிற வேலை. வீங்கின கையோடு இன்னும் இருபது குத்துகிறதை ஒகினாவாவின் கணக்கில் எழுத வேண்டாம்.

இன்னொன்று. சின்னவிரலுக்குக் கீழே உள்ள அங்கை எலும்பு கழுத்தில் முறிவதை வைத்தியத்தில் 'பொக்சர்ஸ் பிராக்சர்' எண்டு சொல்லுவார்கள். பெயர் பொக்சருக்கு. ஆனால் அது கூடுதலாக வருவது பழகின பொக்சர்மாருக்கு இல்லை. கோவத்தில் சுவருக்குக் குத்துகிற ஆக்களுக்கு. விட்டுக்கொடுக்காத ஒன்றுக்குப் பழகாத கையால் குத்தினால் அதுதான் கதி. இறுகின மண்மூட்டையும் ஒரு சுவர்தான், தொங்குகிற சுவர்.

'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்த பிறகு ஊரில் கன பொடியளுக்கு பொக்சிங் ஆசை வந்தது. நல்லது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் நான் பார்த்த எந்த பொக்சிங் படத்திலும் ஹீரோ பாக்குக்குக் குத்துவதைத்தான் காட்டுகிறார்கள், பாக்குக்குள் என்ன இருக்குது எண்டு காட்டுவதில்லை. பாட்டு முடிய உடம்பு இறுகிவிடும். எங்களுக்குப் பாட்டு முடிய மணிக்கட்டு வீங்குது.

சரி, என்ன செய்யலாம்? விமர்சனம் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவள் எண்டு பெயர் வாங்க விருப்பமில்லாததாலை, கை ஆறின பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாக் செய்தோம். அதைச் சொல்லுகிறேன்.

உறை முதலில். உரப்பை வேண்டாம். வெயிலில் சில மாதத்தில் பொரிந்து உதிரும், முட்டித் தோலையும் உரசி எடுக்கும். லொறிக்குப் போடுகிற தடித்த படங்கு நல்லது, ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும், வெறும் கைக்கு உரசும். நாங்கள் ஓட்டோ சீற் குசன் அடிக்கிற கடையில் றெக்சினில் ஒரு உருளை தைப்பித்தோம். அடிப்பக்கம் இரட்டைத் தையல். மேல்வாயில் பட்டி வைத்துத் தைத்து ஆறு இடத்தில் வளையம். வளையம் குறைந்தால் பாரம் முழுக்க இரண்டு மூன்று இடத்தில் தொங்கி அந்த இடம் கிழியும். கடைக்காரர், "என்ன தங்கச்சி, இது மெத்தையோ?" எண்டு கேட்டார். விசயத்தைச் சொன்னதும் அடிக்கு இன்னொரு தட்டு றெக்சின் தானாகவே வைத்துத் தந்தார்.

நீளம் நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டதைப் பொறுத்தது. கையால் குத்துவதற்கு மட்டும் எண்டால் 1 மீற்றர், 1.2 மீற்றர் காணும். உதைக்கவும் போறியள் எண்டால், அதுவும் தொடைக்கும் காலுக்கும் உதைக்கிறது எண்டால், தாய்லாந்து முவாய் தாய்க்காரர் தொங்கவிடுகிற மாதிரி 1.8 மீற்றர் நீளப் பாக் வேணும். அது நிலத்தைத் தொடுமாப்போல தொங்கும். கராத்தே பழகுகிற இடத்துக்கு நடுத்தரமாக ஒன்று போதும். ஆட்டம் கூடினால் கீழே ஒரு கயிறு கட்டி இழுத்து விடலாம். மிகப் பாரம் குறைந்த பாக்கும் பிரச்சினைதான். தொட்டதும் பறந்து போகும், நீங்கள் குத்துகிறதை விட்டுவிட்டுத் தள்ளப் பழகிவிடுவியள்.

அடுத்தது நிரப்புகிற சாமான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உமி தூசு கிளப்பும், நொறுங்கும், எலி வரும். மரத்தூள் ஈரம் பட்டால் கட்டியாகும். பழுதான நெல்லு, பயறு எல்லாம் போட்டால் வண்டு வளர்க்கலாம். டயர் கடையில் கிடைக்கிற றப்பர்த் தூள் நல்லது, துணியோடு கலந்தால் பாரமும் தரும், ஆனால் மணம் போகக் கன நாள் எடுக்கும். கடைசியில் துணிதான் எல்லாத்தையும் வென்றது.

துணி எண்டால் எவ்வளவு எண்டு நினைக்கிறியள்? ஒரு சேட் 200 கிராம் எண்டு வைத்தால் 28 கிலோவுக்கு 140 சேட். நாங்கள் வீட்டில் ஒரு பை பழசு எடுத்துக்கொண்டு போய்ப் போட்டோம், அடியில் ஒரு சாண்தான் வந்தது. பிறகுதான் தையல்காரரிடம் போனோம். சட்டைத் துண்டு, லைனிங் துண்டு எல்லாம் அவர்களுக்குக் குப்பை. நாலு தையல் கடை, இரண்டு கிழமை. கூட்டி அள்ளிக் கட்டித் தந்தார்கள், காசு கேட்கவில்லை.

மிச்சம் வீடுகளில் இருந்து வந்தது. எங்கட வீட்டில் அம்மா அலுமாரியைத் திறந்து தன்ர பழைய சீலை இரண்டை எடுத்துத் தந்துவிட்டு, "என்ர சீலையைக் குத்தவோ இவ்வளவு படிச்சனி?" எண்டா. ஆனால் அன்று இரவு அவதான் எங்களோடு விறாந்தையில் இருந்து கத்தரிக்கோலால் ஊக்கும் பொத்தானும் சிப்பும் வெட்டினா. இது முக்கியம். ஒரு பொத்தான், ஒரு சிப் உள்ளே போனாலும் எப்பவோ ஒருநாள் உறையைக் கிழித்துக்கொண்டோ கையைக் கிழித்துக்கொண்டோ வெளியே வரும். அப்பாவின் சாரம், தம்பியின் வெள்ளைக் காற்சட்டை, என்ர பள்ளிக்கூட யூனிபோர்ம் எல்லாம் போனது. எல்லாத்தையும் தோய்த்து வெயிலில் நல்லாக் காயவைத்துத்தான் போட வேணும். ஈரத்தோடு போட்டால் மாரிக்குள் பூஞ்சணம் பிடித்து மணக்கும்.

நிரப்பும்போது அள்ளிக் கொட்டக்கூடாது. ஒரு சாண் உயரத்துக்குப் போடுவது, உலக்கையால் இடிப்பது, ஓரத்தையும் நடுவையும் சமமாக இடிப்பது, பிறகு அடுத்த சாண். பெரிய துணியைச் சுருட்டி எறியாமல் மடித்துத் தட்டாகப் போட வேணும். உருண்டை போட்டால் உருண்டை உருண்டையாகவே இறுகும், குத்தும்போது ஒரு இடம் மெத்து, ஒரு இடம் கட்டி. பாரம் காணாது எண்டால் மட்டும், மணலை ஒவ்வொரு கிலோவாகப் பொலித்தீன் பையில் இரண்டு மடிப்பாகக் கட்டி ரேப் சுற்றி, சரியாக நடுவில் வைக்கலாம். ஐந்து ஆறு கிலோவுக்கு மேலே வேண்டாம். சுற்றிவர நாலு விரலுக்குக் குறையாமல் துணி இருக்க வேணும். மணலுக்கு நான் விரோதி இல்லை. அது கையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நிரப்பின பாக் இரண்டு மூன்று கிழமையில் அமர்ந்து மேலே ஒரு சாண் காலியாகும். பயப்பட வேண்டாம், எல்லாப் பாக்கும் அப்படித்தான். துணியும் காலப்போக்கில் கீழே இறுகும், ஆனால் மணல்போல இல்லை. மேலே கூட்டிப் போடுங்கோ. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருக்கா இறக்கி நிலத்தில் உருட்டி விடுங்கோ.

தொங்கவிடுகிற இடம்: பழைய வீட்டுத் தீராந்தி நம்பக்கூடாது. பாக்கின் பாரம் மட்டும் இல்லை, ஆடும்போது இழுக்கிற இழுவையும் அதிலேதான் விழும். வேம்போ புளியோ நல்ல தடித்த கொப்பு எண்டால் சரி, கொப்பில் பழைய ரியூப் சுற்றி அதற்கு மேலே சங்கிலி போடுங்கோ. முருங்கையில் கட்டுகிற ஆக்களுக்கு நான் ஒன்றும் சொல்லுவதற்கில்லை.

கைக்கு வெறும் கை வேண்டாம். கைக்குச் சுற்றுகிற பட்டி கடையில் 4.5 மீற்றர் நீளத்தில் விற்கும். ஒரு பருத்திச் சீலை 5.5 மீற்றர். இரண்டு அங்குல அகலத்தில் நீளமாகக் கிழித்தால் ஒரு சீலையில் எங்கட குழு முழுக்கக் கை சுற்றலாம். கிளவ்ஸ் எண்டால் பெரிய ஆக்களுக்கு 12 அல்லது 14 அவுன்ஸ். ஒரு சோடியை மாறி மாறிப் போடுகிறோம். மணக்குது, ஆனால் மணிக்கட்டு வீங்கவில்லை.

புதுப் பாக்கை வேப்பமரத்தில் கட்டின அன்று அண்ணாமார் இரண்டு பேர், "தலகாணி கட்டியிருக்கினம்" எண்டு பகிடி பண்ணினார்கள். ஒருத்தர் முழுப்பலத்தோடு ஒரு குத்துக் குத்தினார். பாக் உள்வாங்கி, கொஞ்சம் தள்ளி, திரும்பி வந்து அவரின் தோளில் தட்டியது. பிறகு மண்மூட்டைக்கு ஆள் குறையத் தொடங்கியது. மூன்று நிமிசம் விடாமல் குத்தக்கூடிய பாக் எது எண்டு கைக்குத் தெரியும். மண்மூட்டையில் பத்துக் குத்துக்கு மேலே குத்த முடியாது, குத்தினால் பலத்தைக் குறைத்துக்கொள்ளுவோம். வலிக்குப் பயந்து கை தன்பாட்டில் மெதுவாகும். அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் பழகினது குத்துவதற்கு இல்லை, குத்தாமல் தப்புவதற்கு.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பின்னேரம் நான் போகும்போது மண்மூட்டையை அவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். "சின்னப் பிள்ளையளுக்கு இன்னொண்டு செய்வம் தங்கச்சி. இருபது கிலோ காணுமோ?" எண்டு கேட்டார். காணும் மாஸ்டர் எண்டேன்.

அந்தப் பேப்பரை நான் வாற வருடம் திரும்ப எழுத வேணும். அது என்ர நட்டம். ஆனால் அந்த ஆறாம் ஆண்டுப் பொடியனுக்கும் ஒருநாள் எழுத வேண்டிய பேப்பர் இருக்கும். உங்கட ஊரில் ஒரு மரத்தில் ஒரு மூட்டை தொங்கினால், குத்துவதற்கு முதல் அடிப்பக்கத்தை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. கல்லாக இருந்தால், உள்ளே என்ன எண்டு கேளுங்கோ. கேட்கிறது பயம் இல்லை. பிறகு வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறவுங்கோ.